நாக்குக் குறடு

அது குறடுதான் என்று முதலில் நினைத்தார் கோமதிநாயகம். பிறகு இல்லை என்று தோன்றியது. குறடு இல்லையென்றால் எதற்கு இரண்டு கைப்பிடி என்று மறுபடியும் தோன்றியது. கைப்பிடிகள் குறட்டுக் கைப்பிடிகளேதான், உள்ளங்கையில் வந்து உட்காருகிற அந்த வளைவு அப்பா அடித்த வளைவு, அதில் சந்தேகமே இல்லை, இந்தப் பட்டறையில் கிடக்கிற எல்லாக் குறட்டுக்கும் அதே வளைவுதான், அவருடைய கையே அந்த வளைவைப் பிடித்துப் பிடித்துத்தான் வளர்ந்திருக்கிறது. ஆனால் குறட்டுக்கு வாய் இருக்க வேண்டும், கவ்வ வேண்டும். இதற்கு வாய் இருக்கிற இடத்தில் கீழே மெல்லிசாக ஒரு நாக்கு, இலை நுனி மாதிரி மெலிந்து மேல்நோக்கி லேசாக வளைந்த நாக்கு. நாக்குக்கு மேலே நாலணாக் காசைவிடச் சின்னதாக ஒரு சக்கரம், விளிம்பு முழுக்கப் பல். சக்கரத்தின் இடுப்பில் ஒரு திருகு. கைப்பிடியை அழுத்தினால் சக்கரம் இறங்கி நாக்கின் மேல் வந்து உட்காருகிறது, விட்டால் ஏறிக்கொள்கிறது. இது என்ன சாமான்? மாடக்கண்ணு ஆசாரியின் மகன், தானும் ஆசாரி, சங்கரன்கோவில் தெற்கு ரத வீதிக்குப் பின்னால் இதே பட்டறையில் இதே மணைக்கட்டையில் உட்கார்ந்து தலை நரைத்தவன், அப்பாவின் பெட்டியில் இருக்கிற ஒரு சாமானுக்குப் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேனே என்று கூச்சமாக இருந்தது. கூச்சப்படுவதற்கு இதுவா நேரம். உள்ளே உலகம்மாள் படுத்திருக்கிறாள். மத்தியானத்துக்கு ஆட்டோ வரும். அதற்குள் அவள் கால் மெட்டியை எடுத்தாக வேண்டும்.

எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதுவரை தெளிவாக நினைவிருக்கிறது. சின்ன வயது டாக்டர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பாதத்தைக் குனிந்து பார்த்தார், சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டார், வீக்கம் எப்போதிருந்து என்று கேட்டார், விரலைச் சுற்றி மெட்டி இறுகி ரத்தம் போக வழியில்லை, முதலில் அதை எடுங்கள், எடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விடுங்கள், இல்லாவிட்டால் என்றார். அந்த இல்லாவிட்டாலுக்குப் பிறகு அவர் சொன்னது விரலா காலா? விரலை எடுக்க வேண்டி வரும் என்றாரா, காலை எடுக்க வேண்டி வரும் என்றாரா? விரல் என்றுதான் சொன்னார். இல்லை, கால் என்று சொன்ன மாதிரியும் இருக்கிறது. சொன்னபோது சுவரில் பல்லி ஒன்று விளக்குக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர், பல்லி மட்டும் அப்படியே மனசில் ஒட்டியிருக்கிறது. உலகம்மாளிடம் கேட்கலாம், அவளுக்குத் தெரியும், அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அதனால் கேட்கவில்லை. அங்கேயே நர்ஸ் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள், சோப்புத் தண்ணி விட்டாள், நூல் சுற்றி இழுத்தாள், விரலின் வீக்கம் மெட்டியை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு, வெள்ளி உள்ளே எங்கோ கோடாகத்தான் தெரிந்தது. கத்தரியின் முனை நுழைய இடமில்லை. உலகம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். கண்டவங்க கையால அது கழலக்கூடாது, வெட்டணும்னா இவங்க வெட்டட்டும், இவங்களும் ஆசாரிதானே என்றாள். நர்ஸ் அவரைப் பார்த்தாள். நான் எடுத்திருதேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எதைக்கொண்டு எடுப்பது என்று அப்போது யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரம்பம், அரம், வெட்டிரும்பு, எல்லாமே மேலேயிருந்து கீழே இறங்குகிற சாமான். உலோகத்தை வெட்டி முடித்த அடுத்த நொடி அது எதில் போய் நிற்கும் என்று எந்தச் சாமானுக்கும் கவலையில்லை, கீழே இருப்பது மரக்கட்டை என்றுதான் எல்லாவற்றுக்கும் நினைப்பு. இங்கே கீழே இருப்பது உலகம்மாளின் விரல். ஒரு கீறல் விழுந்தால் போதும், சர்க்கரைக் காலில் கீறல் ஆறாது, புண்ணாகும், புண் ஏறும். அதனால்தான் பரணில் இருந்து அப்பாவின் பெட்டியை இறக்கினார், மெல்லிசாக ஏதாவது கிடைக்கும் என்று. அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, துணிக்கு மேல் சணல் கட்டி, இது கிடந்தது.

“கெடச்சுதா?” என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“தேடுதேன். என்னமோ ஒண்ணு இருக்கு, என்னன்னு தெரியல.”

“எப்படி இருக்கு?”

“குறடு மாதிரி. ஆனா வாய் இல்ல. சின்னதா சக்கரம் இருக்கு, சோமாசி வெட்டுவியே அந்தக் கரண்டியில இருக்குமே, அது மாதிரி. அடியில ஒரு நாக்கு.”

“டின்னு தொறக்குறதா இருக்கும்,” என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, “மாமா எதுக்கு டின்னைத் தொறக்கப் போறாவ,” என்றும் அவளே சொன்னாள்.

டின் திறப்பதற்கு நாக்கு எதற்கு இவ்வளவு வழவழப்பாக. அதுதான் அவருக்கு இடித்தது. விரலால் தடவிப் பார்த்தார். நாக்கின் மேல்பக்கம் சக்கரத்தின் பல் வந்து உட்கார ஒரு பள்ளம், அது வேலைக்காக. கீழ்ப்பக்கத்தில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கீழ்ப்பக்கத்தைத்தான் அப்பா அதிகமாகத் தீட்டியிருக்கிறார். நகை மெருகு போடுகிற மெருகு. ஓரங்கள் எல்லாம் உருட்டியிருக்கிறது, நுனி முனையில்லாமல் மழுங்கியிருக்கிறது, கன்னத்தில் வைத்து இழுத்தால்கூடக் கீறாது. வைத்து இழுத்துப் பார்த்தார். கீறவில்லை, குளிர்ச்சியாக இருந்தது. சாமானுக்கு யார் இப்படி மெருகு போடுவார்கள்? அப்பா சாமானுக்கு மெருகு போடுகிற ஆள் இல்லை, சாமான் கருப்பாக இருக்கட்டும்லே, செய்யுற பொருள்தான் மின்னணும் என்பார். காது குத்துவதற்கோ? காது குத்த ஊசி இருக்கிறது. குழாய் நறுக்குவதற்கோ, தாலிக்குழல் நறுக்க இப்படி ஏதாவது? அதற்கு நாக்கு வேண்டாம். சக்கரத்தைத் திருகிப் பார்த்தார், எத்தனையோ வருஷத்து எண்ணெய் காய்ந்து பிசினாகப் பிடித்திருந்தது, கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சுற்றியது. திருகு கட்டைவிரலுக்கு வாகாக இருந்தது. சுற்றுகிறபோது கட்டைவிரலுக்கு ஏதோ பழக்கமான மாதிரி, இந்தத் திருகை எப்போதோ சுற்றியிருக்கிறோம் என்கிற மாதிரி. விளிம்பில் வரிவரியாகப் பள்ளம், நடுவில் தேய்ந்த பூ. இது ஆசாரி வார்த்த திருகு இல்லை, கடைச் சாமானில் வருகிற திருகு. எந்தக் கடைச் சாமான். எண்ணெய் வாடை வந்தது, நல்லெண்ணெயா, இல்லை, மண்ணெண்ணெய் வாடை. வாடை திருகில் இல்லை, அவர் மூக்கில்தான் வந்தது. அரிக்கேன் விளக்கு. இது அரிக்கேன் விளக்கில் திரியை ஏற்றி இறக்குகிற திருகு.

வீட்டில் இருந்த ஒரே அரிக்கேன் விளக்குக்குத் திருகு கிடையாது. அம்மா அதன் கம்பியைச் சின்னக் குறட்டால் பிடித்துத்தான் திரியை ஏற்றுவாள், ஒவ்வொரு தடவையும் விரலைச் சுட்டுக்கொள்வாள், ஒவ்வொரு தடவையும் அப்பாவைத் திட்டுவாள், உலகத்துல உங்களுக்கு வேற இரும்பே கெடைக்கலையா என்பாள். அதே வாய் நல்லெண்ணெய்க்காகவும் திட்டியது, திருகு காணாமல் போன அதே நாள்தான், காலையில் உலையில் சின்ன வட்டத் தகடு ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி அடுக்களையிலிருந்து கொண்டுவந்த எண்ணெயில் அப்பா முக்கினார், சுர்ர் என்று புகை கிளம்பியது, வீடு முழுக்கக் கருகின வாடை, தாளிக்க எண்ணெய் இல்லையே என்று அம்மா சத்தம் போட்டாள். கோமதிநாயகம் அப்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. பள்ளிக்கூடம் இல்லை அன்றைக்கு. ஏன் இல்லை? லாரி. ஆமாம், லாரி குளத்தில் விழுந்ததற்காகப் பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஜனங்கள், லாரி நிறையப் பொம்பிளைகளும் பிள்ளைகளும், கரை இடிந்து லாரி உருண்டது, மழைக்காலம், குளம் நிறைந்து கிடந்தது, சேறு. ஒரேயடியாக எல்லாரும் கிடைக்கவில்லை, இரண்டு மூன்று நாள் ஒவ்வொருவராக மிதந்து வந்தார்கள். அப்பாவைக் கூட்டிப்போக ஏட்டையா சைக்கிளில் வந்தார். ஆசாரியை எதுக்குக் கூப்பிடுதாங்க என்று தெருவில் கேட்டார்கள். பிறகு எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. நகைக்காக. செத்தவர்களின் நகை யாருக்கு என்று சொந்தக்காரர்களுக்குள் கரையிலேயே தகராறு ஆகிவிட்டது, பிறந்த வீட்டார் ஒரு பக்கம் புகுந்த வீட்டார் ஒரு பக்கம், அதனால் எல்லாவற்றையும் கழற்றிப் போலீஸ் கையில் வைத்துக்கொண்டு பிறகு கொடுப்பது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார். கழற்ற முடியவில்லை. தண்ணீரில் ஊறிய உடம்பு. மோதிரமும் வளையலும் மெட்டியும் எல்லாம் உள்ளே போயிருந்தன.

முதல் நாள் அப்பா பட்டறைச் சாமானைத்தான் கொண்டுபோயிருந்தார். அதை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, அம்மாதான் சொன்னாள், அப்பா போனபிறகு, அதுவும் ஒரே மூச்சில் இல்லை, முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறபோது கொஞ்சம், ஒருநாள் மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம். புளியமரத்தடியில் ஓலைப்பாயில் வரிசையாகப் போட்டிருந்தார்களாம். ஒரு பெண், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, மெட்டியில் அப்பா ரம்பத்தை வைத்து இழுத்திருக்கிறார், ரம்பம் வெள்ளியைத் தாண்டி இறங்கிவிட்டது. ரத்தமெல்லாம் வரவில்லை, எங்கிருந்து வரும். ஆனால் அந்தப் பெண்ணின் தாய் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், அதுவரை அழாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஆசாரி, மெல்லப் பாத்து, பிள்ளைக்கு வலிக்கும் என்றாளாம். சத்தமாகச் சொல்லவில்லை, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் காது குத்தும்போது சொல்வார்களே அந்த மாதிரி. அப்பா எழுந்துவிட்டார். இன்றைக்கு முடியாது, காலையில வாரேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அம்மா சொன்னதில் இந்தச் சாமான் வரவில்லை. அம்மாவுக்கு எண்ணெய் போனதும் விளக்குத் திருகு போனதும்தான் தெரியும், எதற்குப் போனதென்று தெரியாது. அப்பா சொல்லியிருக்க மாட்டார். இந்த நாக்கு வெள்ளிக்கும் சதைக்கும் நடுவில் நுழைவதற்கு. சக்கரம் வெள்ளியை மட்டும் அறுப்பதற்கு. அறுத்து முடித்ததும் பல் வந்து நிற்பது நாக்கின் பள்ளத்தில், அதற்குக் கீழே போகாது. கீழ்ப்பக்கத்து மெருகு யாருக்கு என்று இப்போது தெரிந்தது, இனி ஒன்றும் உணரப்போகாத விரல்களுக்கு. தெரிந்ததும் அதைத் துணிமேல் வைத்துவிட்டார். கன்னத்தில் வைத்துப் பார்த்தது நினைவு வந்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

அப்பா அந்த நாட்களில் வாசல் குழாயடியிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தன் கையால் சாப்பிடவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அப்பாவுக்கு ஊட்டுதாங்க என்று சிறுவனாக இருந்த அவர் கைதட்டிச் சிரித்தார், அப்பாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது, இப்போது நினைத்துப் பார்த்தால் வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம் அவருடைய கல்யாணத்தில் ஒன்று நடந்தது. உலகம்மாளின் தாய்மாமன் கடையநல்லூரில் இருந்து மெட்டி கொண்டுவந்திருந்தார், கனத்த வளையம், பிளவை மூடிப் பற்றவைத்தது, பிளவு இருந்தால் சேலை நூலை இழுக்கும் என்று அவர்கள் பக்கத்து வழக்கம். அப்பா அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிளவு வெச்சுத் தாரேனே, ஒரு நிமிஷ வேலை என்றார். மாமன் முகம் மாறிப்போயிற்று, மணவறைக்குப் போற மெட்டியை அறுக்கணும்னு எந்தச் சம்பந்தியாவது கேப்பாரா என்றார். அப்பா மறுபடி கேட்டார். பந்தியில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அவருக்குத்தான் மானம் போன மாதிரி இருந்தது, அப்பா, விடுங்கப்பா என்று காதில் சொன்னார். அப்பா விட்டுவிட்டார். அந்தப் பிளவை அன்றைக்கு வைத்திருந்தால். இன்றைக்கு இரண்டு குறட்டால் விரித்து எடுத்திருக்கலாம். நினைப்பு அங்கேயே மாட்டிக்கொண்டு சுற்றியது, வைத்திருந்தால், விடுங்கப்பா, வைத்திருந்தால், திருகு இல்லாத விளக்கு மாதிரி ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல்.

இப்போது இதை எப்படி எடுத்துக்கொண்டு உள்ளே போவது? எத்தனை பேருடைய காலைத் தொட்டிருக்கும் இது? அப்பா கழுவாமலா வைத்திருப்பார், கழுவியிருப்பார், கழுவினால் போகிறதா. வேறு சாமான் செய்யலாம், இதைப் பார்த்து இதே மாதிரி, ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் இல்லை. உலகம்மாளுக்கு ஏற்கெனவே மெட்டியை அறுப்பது என்றாலே ஆகவில்லை, நீங்க இருக்கும்போதே என் கால்ல இருந்து அது எறங்கணுமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியெல்லாம் கேட்டாள், அவருக்கு முந்திப் போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு, மெட்டியோடும் பூவோடும் போக வேண்டும் என்று, அதைச் சந்தோஷமாகவே பேசுவாள், கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. புளியமரத்தடியில் படுத்திருந்தவர்களும் மெட்டியோடுதான் போனார்கள். அவர்கள் புருஷன்மாரும் பக்கத்தில் நின்றிருப்பார்கள், கைகட்டிக்கொண்டு, அப்பா திருகைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு. அந்தப் புருஷன்மாரின் இடத்தில் தான் நிற்கிறோமா அப்பாவின் இடத்தில் நிற்கிறோமா என்று ஒரு கேள்வி வந்தது. இரண்டு இடத்திலும். விரல் என்றுதான் டாக்டர் சொன்னார். விரல்தான்.

“ஏங்க, ஆட்டோக்காரர் வந்துருவாரு,” என்றாள் உலகம்மாள். “அங்க என்ன செய்யுதீய, சத்தத்தையே காணும்.”

“இந்தா வாரேன்.”

அடுக்களைக்குப் போய் ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் சாமானைப் போட்டார். எண்ணெய்ப் பிசின் இளகி மேலே படர்ந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை கொதிக்கவைத்தார். டெட்டாலில் முக்கினார். இந்தச் சட்டியை இனி சமையலுக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று நினைத்தார், அதை அவளுக்குத் தெரியாமல் எங்கே போடுவது என்று நினைத்தார், இந்தச் சமயத்தில் சட்டியைப் பற்றி நினைக்கிறேனே என்று நினைத்தார். தூய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள். முகமும் வீங்கித்தான் இருந்தது, கண் இரண்டும் சின்னதாகிப் போயிருந்தன. அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தார்.

“அதுதானா?” என்று அவர் கையைப் பார்த்துக் கேட்டாள். “மாமா செஞ்சதா?”

“ஆமா.”

“எதுக்குச் செஞ்சாவளாம்?”

“வீங்கின காலுக்கு,” என்றார். பொய் இல்லை. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அப்போ சரி,” என்றாள். “நான் பாக்க மாட்டேன். பேசாம வெட்டுங்க.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கனத்தது. பாதத்தில் அவர் விரல் பதிந்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. பெருவிரலுக்கு அடுத்த விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. நாக்கைச் சதையோடு ஒட்டவைத்து மெதுவாகச் செலுத்தினார். வேறெதுவும் நுழையாத இடத்தில் அது நுழைந்தது, தானாகவே வழி தெரிந்த மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினார், பல் வெள்ளியில் பிடித்தது. திருகைச் சுற்றினார். வெள்ளித்தூள் கோலப்பொடி மாதிரித் துண்டில் உதிர்ந்தது. சுற்றச் சுற்ற இறங்கியது, பிறகு கைக்குத் தெரிந்தது, அறுந்துவிட்டது, பல் பள்ளத்தில் வந்து நின்றுவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. ஒரு கீறல் இல்லை. இரண்டு சின்னக் குறட்டால் பிளவை விரித்தார், பச்சைக் காயைப் பிரிக்கிற மாதிரி இருந்தது, மெட்டி கழன்று வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் விரலைச் சுற்றி ஆழமாக ஒரு வெள்ளைத் தடம். அப்பா, அவளுக்கு வலிக்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“ஆரம்பிங்களேன்,” என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. “எம்புட்டு நேரம் காலைப் பிடிச்சுக்கிட்டே இருப்பீய?”

மெட்டி அவர் கையில் இருந்தது. சூடாகக்கூட இருந்தது, அறுத்த சூடு. கட்டைவிரல் நகத்தை அந்த விரலின் நுனியில் வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு நகம் பதிகிறவரை. விரலில் நகத்தின் பிறை விழுந்தது. அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, ஆட்டோக்காரர் வந்தா காத்திருக்கச் சொல்லணும், கத்துவாரு என்றாள். பக்கத்து விரலை அழுத்தினார். அதற்கடுத்ததை. குதிகாலை அழுத்தினார். திருநெல்வேலிக்கு எடுத்துப்போகிற பையில் துண்டு வெச்சீயளா என்று அவள் கேட்டாள். வெச்சேன் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டார், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னது இப்போது முழுசாக நினைவு வந்தது, பல்லி இல்லாமல், விளக்கு இல்லாமல், அந்தச் சின்ன வயது முகம் தன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை, கால். மெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடது காலைத் துண்டால் சுற்றி மெத்தையில் வைத்தார்.

“இந்தா ஆரம்பிக்கேன்,” என்றார்.

வலது காலை எடுத்து வைத்துக்கொண்டார். இதுவும் வீங்கி, மெட்டி இறுகித்தான் இருந்தது, ஆனால் நிறம் அவ்வளவு மாறவில்லை. கண் துண்டு சுற்றிய இடது காலின் பக்கமே போயிற்று. நாக்கு மெட்டிக்கடியில் சரியாக நுழையவில்லை, ஓரத்தில் தோலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது, தெரிந்தும் கை நிற்கவில்லை, அழுத்திவிட்டார். அவள் காலை வெடுக்கென்று இழுத்தாள்.

“அம்மா,” என்றாள். “வலிக்குது.”

தோலில் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. உருண்டு சிவந்து நின்றது. காலையிலிருந்து எந்தத் துளி வரக்கூடாது என்று சாமான் தேடினாரோ அந்தத் துளி. கோமதிநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வலிக்குது?” என்றார்.

“எங்கயா? அங்கதான், நீங்க குத்துன இடத்துல.”

“இன்னொரு தடவ சொல்லு.”

அவள் சுவரிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். “என்ன ஆச்சு உங்களுக்கு? வலிக்குதுங்கேன், காதுல விழலையா? எரியுது. மெல்ல எடுத்தா என்னவாம், ஆசாரிதானே நீங்க.”

“மெல்ல எடுக்கேன்,” என்றார். “நீ சொல்லிக்கிட்டே இரு. வலிச்சா ஒவ்வொரு தடவையும் சொல்லு.”

ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு நாக்கை மறுபடி நுழைத்தார். இந்தத் தடவை சரியாகப் போயிற்று. திருகைச் சுற்றினார். அவள் சொன்னாள். இன்னொரு சுற்று. இழுக்குது, மெல்ல என்றாள். வாசலில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆளு வந்தாச்சு, விடுங்க, மிச்சத்தை அங்க போய்ப் பாத்துக்கிடலாம் என்று அவள் திட்ட ஆரம்பித்தாள், அவர் கைப்பதத்தைத் திட்டினாள், கல்யாணத்தன்று தன் மாமனிடம் மெட்டியை அறுக்கக் கேட்ட மாமனாரைத் திட்டினாள், இந்தச் சாமானைத் திட்டினாள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.